பாலாற்றில் இல்லாதது

இருங்காட்டுக்கோட்டையில், மூன்றாம் சுற்றில்
பெடல் பஞ்சாகிப் போனது.
தடம் தாண்டி மண்ணில் போய் நின்றோம்,
காரும் நானும், முழுசாக.

இருபது வயசுக் கார். ரெண்டே சீட்டு.
அதற்கு ஆறு பிஸ்டன் காலிபர், துளை போட்ட டிஸ்க் என்று
ராணிப்பேட்டையில் ஷிப்டு முடிந்த இரவுகளில்
விலை கூட்டிக்கொண்டிருந்தேன்.
சிவப்பா மஞ்சளா என்பதுதான் பாக்கி.

மேல்விஷாரத்தில் தஸ்தகீர்
வீலைக் கழற்றி டேப் வைத்தான்.
"இந்தப் பதினாலு இஞ்சுக்குள்ள அது நுழையாது.
வீல் மாத்தணும், டயர் மாத்தணும்,
அப்புறம் என்னையும் மாத்தணும்."

நிப்பிளைத் தளர்த்தியதும்
டிகாக்‌ஷன் நிறத்தில் வடிந்தது பிரேக் ஆயில்.
சோதனைப் பேனாவைத் தோய்த்தான். சிவப்பு விளக்கு.
"பாலாத்துல இல்லாத தண்ணி
உன் பிரேக்குக்குள்ள இருக்கு.
கொதிக்காம என்ன பண்ணும்?"

புது ஆயில். சூடு தாங்கும் பேட், முன்னால் மட்டும்.
இரும்புப் பின்னல் ஹோஸ்.
காலிபர் பழசேதான், உள்ளே ரப்பர் புதுசு.
நிறம் பற்றி நான் பேச்செடுக்கவில்லை.

ஓட்டிப் பார்க்கப் போனேன்.
பள்ளிகொண்டா டோல்கேட்டில்
சூடேறாத பேட் ஊரைக் கூட்டியது.
கூண்டுக்குள் இருந்த பெண் காதைப் பொத்திக்கொண்டு,
"மொதல்ல பிரேக்கைப் பாருங்க சார்" என்றாள்.