நாற்பத்தொன்றாவது கட்டம்

நீதிமன்றத்தின் அடித்தளத்தில்
பாய்லருக்கு அடுத்த அறை என்னுடையது.
மேற்கு வர்ஜீனியாவின் இந்தப் பக்கத்தில்
போதை மிகுந்து யார் இறந்தாலும்
பத்து நாளில் என் மேசைக்கு வந்துவிடுவார்,
காகிதமாக.

நாற்பது கட்டங்கள்.
வயது. தொழில். சிறையிலிருந்து வந்து எத்தனை நாள்.
முதுகுவலிக்கு முதல் மாத்திரையை எழுதித் தந்தது யார்.
அந்நேரம் வீட்டில் வேறு ஆள் இருந்தாரா:
ஆம், இல்லை, தெரியவில்லை.

சாவு விசாரணை அதிகாரி வெர்லின் ப்ரேட்டரின் எழுத்து
கோழி கிளறியது போலிருக்கும்.
அதைப் படிக்க ஊரில் என்னை விட்டால் ஆளில்லை.
பெயரை மட்டும் கறுப்பு மையால் மறைக்க வேண்டும்.
மறைப்பேன்.
அதற்கு முன் ஒருமுறை வாய்விட்டுப் படிப்பேன்,
அது விதியில் இல்லை.
சிலரோடு ஒரே பள்ளிப் பேருந்தில் போயிருக்கிறேன்.

மார்ச் மாதக் கட்டில்தான் கண்ணில் பட்டது.
"சோபாவில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்,
வேலை அசதி என்று விட்டுவிட்டோம்."
"குறட்டை தாங்காமல் டிவி சத்தத்தைக் கூட்டினேன்."
"குறட்டை நின்றதும் அப்பாடா என்றிருந்தது."
இந்தக் கடைசி வரியைச் சொன்னது யார் என்று
ப்ரேட்டர் எழுதவில்லை.

ஓரத்தில் பென்சிலால் கோடு போட ஆரம்பித்தேன்.
பழைய கட்டுகளையும் அவிழ்த்தேன்.
பென்சில் இரண்டு முறை தீர்ந்தது.

மார்கன்டவுனிலிருந்து டாக்டர் ஓபியோரா கூப்பிட்டார்.
அது குறட்டையே இல்லை, ரோண்டா என்றார்.
தொண்டை தளர்ந்து, காற்று வழி தேடும் ஓசை.
பிறகு வெகுநேரம் எதுவும் பேசவில்லை.
அவர் பக்கத்தில் யாரோ தட்டச்சு செய்வது கேட்டது.
"இத்தனை வருஷமாக
இதை நாம் கேட்கவே இல்லை" என்றார்.
அந்த வாரமே படிவத்தில் ஒரு கட்டம் கூடியது.

ஒன்றை மட்டும் தனியாக வைத்திருக்கிறேன்.
உடனிருந்த சிறுவர்கள்: 1.
ஆறு வயதுப் பெண்.
மாமா தூங்கட்டும் என்று
தன் போர்வையை எடுத்துப் போர்த்தி
விளக்கை அணைத்திருக்கிறாள்.
எந்தக் கட்டத்துக்கும் தேவைப்படாத விவரம்.
ஆனால் ப்ரேட்டர் எழுதியதிலேயே
அந்த இரண்டு வரிதான்
அச்சடித்ததுபோல் தெளிவு.

தூங்குகிறவரை எழுப்பிவிடலாம்.
மாவட்டக் கமிஷனை எழுப்ப மூன்று கூட்டம் பிடித்தது.
ஒருவர் செலவு என்றார். ஒருவர், ஊருக்குக் கெட்டபெயர் என்றார்.
சவப்பெட்டி விற்கும் க்ளெட்டஸ் எழுந்து,
நானே அச்சடித்துத் தருகிறேன், பேச்சை நிறுத்துங்கள் என்றார்.

இப்போது லாண்டிரி இயந்திரங்களின் மேல்,
சர்ச் சமையலறை ஃப்ரிட்ஜில், தூண்டில்புழு விற்கும் கடையில்
மஞ்சள் ஸ்டிக்கர்:
குறட்டையா? எழுப்பு.
எழவில்லையா? மூக்கில் மருந்தை அடி. 911ஐக் கூப்பிடு.
கீழே ஒரு பெட்டியில் நலோக்சோன், இலவசம்.
முதல் வாரம் பெட்டியைத்தான் திருடினார்கள்.
மருந்தைத் தரையில் அடுக்கிவிட்டுப் போயிருந்தார்கள்.

அக்டோபரிலும் காகிதம் வந்தது.
நாற்பத்தொன்றில் ஆம். மறுபடி ஆம்.
டாக்டர் ஓபியோரா பொறு என்கிறார்.
எண்கள் மெதுவாகத்தான் திரும்புமாம்,
நிலக்கரி ரயில் மாதிரி.

நவம்பரில் மளிகைக்கடை வரிசையில் எனக்கு முன்னால்
ஒருத்தி காசாளரிடம் பொருமிக்கொண்டிருந்தாள்.
ராத்திரி குறட்டை விட்ட கொழுந்தனைச்
செருப்பால் அடித்தும் எழவில்லையாம்,
மூக்கில் மருந்தை அடித்தாளாம்.
எழுந்தவன் வாந்தி எடுத்து, அவள் குலத்தையே திட்டி,
இன்றுவரை முகம் கொடுத்துப் பேசவில்லையாம்.
அவனுக்கு என்னிடம் படிவம் இல்லை.
பால் வாங்க மறந்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ட்வைட் சுரங்கத்தை விட்டு ஆறு வருஷம்.
முதுகுக்கு இன்னும் மாத்திரை போடுகிறான்,
எத்தனை என்று நான் எண்ணுவது அவனுக்குப் பிடிக்காது.
இரவு இரண்டு மணிக்கு அவன் விலாவில் விரலால் குத்துகிறேன்.
திட்டுவான்.
திட்டு வரும்வரை
விரலை எடுக்கமாட்டேன்.