முப்பது ரூபாய் வளையம்

நாற்பத்தாறு வயதில்
என் வலக்கண் முதலில் கைவிட்டது
துவக்கின் பின்பிளவை.
தூரத்துப் பாலைமரம் இலை இலையாய்த் தெரிகிறது,
கைக்கெட்டும் இரும்புதான் புகை.
வவுனியா டொக்டர் சிரித்தார்:
"கிட்டப் பார்க்கக் கண்ணாடி தரலாம்,
பிறகு பன்றி புகையாகும்."

பின்னே பிளவு, நுனியில் மணி,
அதற்கும் அப்பால் ஓர் உயிர்.
மூன்றையும் ஒன்றாய்ப் பிடிக்க
இருபது வயதில் ஒரு கண் போதுமாயிருந்தது.

தொலைநோக்கி பூட்டு என்றான் மைத்துனன்.
அவனுக்கென்ன, ஒற்றைக்குழல் சொட்கண்காரன்.
நில அளவைத் துரை ஒருவன்
கடனுக்கு ஈடாய் என் தகப்பனிடம் விட்டுப்போன துவக்கு இது.
கீழே நெம்பை இழுத்தால்
வெற்றுக்கோதை உச்சிக்குத் துப்பும்.
வாய்க்கு மேலே குழாயைக் கட்டினால்
துப்பியது தொண்டைக்குள்ளேயே விழும்.
அதோடு, நடுவில் ஒரு கையால் தூக்கிக்கொண்டு
தண்ணிமுறிப்புவரை நடக்கலாம் இதை.
அந்தப் பிடியை விற்க எனக்கு மனமில்லை.

முல்லைத்தீவில் மணிக்கூடு திருத்தும் யோக்கிம்
மேசைக் கண்ணாடியில் இரண்டைப் பரப்பினான்.
ஒன்று மரைக்கொம்புபோல் இருபுறமும் வளைந்தது.
அந்தக் கொம்புகளே பாதிக் காட்டைத் தின்னும்.
மற்றது வளையம்.
மூக்குத்தித் திருகாணியில் கொஞ்சம் பெரிது.
"இதைப் பாராதே, இதுக்குள்ளால பார்.
நடுவைக் கண் தானாய்ப் பிடிக்கும்."
"பிடிக்காவிட்டால்?"
"முப்பது ரூபாயைத் திருப்பித் தாறன்."

நம்பவில்லை. நாலு நாள் யோசித்தேன்.
பிறகு குமுழமுனைக்குப் பின்னால், மாவெள்ளைப்பேணி மூடிக்கு
மூன்று தோட்டா செலவழித்தேன்.
(கச்சேரி எண்ணித் தருவது வருடத்துக்கு இருபத்தைந்து.)
மூன்றும் ஒரு வெற்றிலைக்குள் அடங்கின.
வளையத்தை நான் பார்க்கவே இல்லை,
அது இருந்ததா என்றுகூட ஞாபகமில்லை.

இனி நுனிமணி.
பித்தளை வெயிலில் ஒரு பக்கம் எரிந்து பொய் சொல்லும்,
நிலவில் செத்துப்போகும்.
போன மாரியில் வயலை உழுத தனியன் பன்றியின்
கொம்பை எடுத்துப்போனேன்.
யோக்கிம் அதில் கடுகளவு வெள்ளையை
அராவி எடுத்து நட்டான்.
"அதின்ர பல்லாலேயே அதின்ர இனத்தைப் பார்," என்றான்.
எனக்கு அந்தப் பகிடி பிடிக்கவில்லை.

தை பிறக்க ஒன்பது நாள். கதிர் பால் பிடித்திருந்தது.
பரணில் நுளம்பு, கீழே பனி.
இரண்டாம் சாமம் தாண்டி
மேற்கு வரம்போரம் ஒரு கறுப்பு முதுகு
குனிந்து, நின்று, குனிந்தது.
உள்தட்டைக் கழற்றிவிட்டு அகன்ற வளையத்தோடு
கன்னத்தை வைத்தேன்.
வெள்ளைக் கடுகு முதுகின் நடுவில் போய் இருந்தது,
யாரும் சொல்லாமலே.

பழைய பிளவென்றால்
கீழ்ப்பாதியை இரும்பு மூடியிருக்கும்.
இதில் எல்லாம் தெரிந்தது:
முதுகு, முதுகுக்குக் கீழே நெல்,
நெல்லுக்கு நடுவே
ஒரு மண்வெட்டிப் பிடி.

நெம்பைப் பிடித்திருந்த மூன்று விரலும்
என்னுடையவை இல்லைப்போல் இருந்தன.
இருமினேன்.
முதுகு நிமிர்ந்து மனிதனாயிற்று,
தலைமேல் போர்த்த சாக்கு நழுவியது.
"ஆரது?"
"நான்தான், முருகுப்பிள்ளையண்ணை."
"பன்றி வந்ததோ?"
"இல்லை."
அவர் தன் வயலுக்கு வெட்டிவிட்ட என் தண்ணீர்
இருட்டில் சலசலத்துக்கொண்டிருந்தது.
இருவருமே அதைக் கேளாதவர்களாய் நின்றோம்.

விடிய மடையை நானே அடைத்தேன்.
பின்னேரம் ஒரு பூசணிக்காயோடு வந்தார்.
தண்ணீரைப்பற்றிப் பேசவில்லை.
புதுக்குறி பூட்டினதாம் என்று கேட்டு
துவக்கை வாங்கி, தோட்டா இல்லையென்று பார்த்து,
ஒரு கண்ணைப் பூட்டி
வளையத்தால் நெடுநேரம் பார்த்தார்.

"இதில என்ன இருக்கு தம்பி?
வெறும் ஓட்டை."

"ஓமண்ணை," என்றேன்.
பூசணிக்காய் கனமாயிருந்தது.