இருமல் உள்ள பக்கம்

இரவு ஒன்றரை.
முகப்பேர் மண்டபத்தில் நாற்காலி அடுக்குகிறார்கள்.
ஸ்பீக்கர் வயரைச் சுற்றிக்கொண்டே
எனக்கென்று ஒன்று போட்டுக்கொள்கிறேன், ஹெட்போனில்.

எண்பத்தெட்டில் நியூயார்க்கில் பதிந்தது.
என் கைக்கு வந்தது தொண்ணூற்று மூன்றில்,
பர்மா பஜாரில், இஸ்மத் பாட்சா பாய்
பதிந்து கொடுத்த கேசட்டில்.
அட்டையில் பச்சை மையில் ‘டிஸ்கோ மிக்ஸ் 4’.
டிஸ்கோவும் இல்லை, மிக்ஸும் இல்லை.
ஒரு டிரம். ஒரு குரல்.
நடுநடுவே கீறல்,
துருப்பிடித்த ஷட்டரை யாரோ
பாதிவரை தூக்கித் தூக்கி விடுகிற மாதிரி.

என் இங்கிலீஷ் அப்போது
பெரம்பூர் கார்ப்பரேஷன் ஸ்கூல் அளவுதான்.
வார்த்தை புரியவில்லை, மூச்சு புரிந்தது.
எங்கே இழுக்கிறான், எங்கே விடாமல் பிடிக்கிறான்,
எந்த இடத்தில் தாளத்துக்கு அரை அடி பின்தங்கி
ஒன்றுமே நடக்காத மாதிரி வந்து சேர்ந்துகொள்கிறான்.
29சி-யில் கம்பியைப் பிடிக்காமல்
டிக்கெட் கிழிக்கும் கண்டக்டர் அப்படித்தான் நிற்பார்.
பிரேக் போட்டாலும் விழமாட்டார்.

டிரைவர் போடுவதும் பிரேக்,
டிரம்மர் போடுவதும் பிரேக்.
ஒன்றில் வண்டி நிற்கும்,
மற்றதில் கிளம்பும்.

இரண்டாம் பாட்டுக்காரன் கத்துவான்.
காசிமேட்டு ஏலத்தில் வஞ்சிரக் கூடைக்கு
விலை ஏற்றுகிற புஷ்பராணியக்கா குரல்;
கோபமா குஷியா என்று கடைசிவரை சொல்லமுடியாது.
மூன்றாவது ஒரு பெண்.
நாலே வரி. நாலிலும் யாரையோ
நிற்கவைத்துக் கேள்வி கேட்கிறாள்.
யாரென்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அந்த டிரம்மும் அப்படித்தான்.
யாரோ ஒருத்தர், வேறு ஏதோ பாட்டுக்கு,
அன்றாடக் கூலிக்கு வாசித்த ஏழு நொடி.
அதை ரெண்டு தட்டில் வைத்து
இந்தக் கையால் முன்னே, அந்தக் கையால் பின்னே
விடியவிடிய ஓட்டியிருக்கிறார்கள்.
வாசித்தவர் அந்நேரம் வீட்டில் தூங்கியிருப்பார்.

ஏழாவது நொடி முடிகிற இடத்தில்
ஒரு இருமல் வரும்.
ஒற்றை இருமல். வறண்டது. கச்சிதம்.
அதற்கப்புறம்தான் குரல் உள்ளே வரும்.
பதினெட்டு வருடம் அந்த இருமலைக் கொண்டாடினேன்.
பசங்களிடம் சொல்வேன்:
‘தைரியத்தைப் பாருடா, இருமலையே
தாளமா வச்சிருக்கான்.’

அப்புறம் ஒருநாள் அசல் தட்டு கிடைத்தது,
சம்பளத்தில் பாதி கொடுத்து வாங்கினேன்.
ஊசியை வைத்தேன். ஏழு நொடி. காத்திருந்தேன்.
இருமல் இல்லை.
குரல் நேராக வந்துவிட்டது,
செருப்பைக் கழற்றாமல்
வீட்டுக்குள் நுழைந்தவன் மாதிரி.

பாட்சா பாயைத் தேடிப் போனேன்.
இப்போது போன் கவர் விற்கிறார்.
ஒரு காதில் மாட்டிக் கேட்டார், ரெண்டு தடவை.
‘லைன் வயர் அறுந்துடுச்சு அன்னிக்கு.
ஸ்பீக்கர் எதிர்ல மைக்க வச்சுப் புடிச்சேன்.’
அப்போ இருமினது நீங்களா பாய்?
‘நானா? எதிர்க்கடை தயாளன்.
எந்நேரமும் பீடி.’
தயாளன் எங்கே என்றால்,
கையைக் கடற்கரை ஸ்டேஷன் பக்கம் ஆட்டினார்.
‘கடைய வித்துட்டுப் போயி பல வருஷம் ஆச்சு.
இந்தக் கவர் உன் போனுக்கு சேராது, அத எடு.’

சரி, இன்னொரு பேர் தெரிந்தது.
முகவரி கிடையாது, ராயல்டி கிடையாது.
அந்த இருமலை மட்டும் வெட்டி
லேப்டாப்பில் வைத்திருக்கிறேன்,
முக்கால் நொடிகூட வராது.

இன்று கடைசிப் பாட்டுக்கு
மாப்பிள்ளையின் மாமா ஒருத்தர்தான் ஆடினார்,
வேட்டியை மடித்துக் கட்டி, கண்ணை மூடி.
குத்துக்கு நடுவில், எல்லா டிரம்மும் நிற்கிற இடத்தில்
தயாளனை ஒருமுறை விட்டேன்.

மாமா அரை அடி தடுமாறி
பிடித்துக்கொண்டார்.