அவரைக்கு இன்னும் எட்டு நாள்

உச்சிப்புளியில் ஏறும்போதே கேட்டார் கண்டக்டர்,
சாக்குல என்ன, அரிசியா?
மண் என்றேன்.
பின்சீட்டில் யாரோ சிரித்தார்கள்.
ஒரு ஆளுக்கு உண்டான காசை வாங்கிக்கொண்டுதான் விட்டார்.
பாலத்தில் காற்று சாக்கின் வாயைப் பிரிக்கப் பார்த்தது.
இரண்டு கையாலும் பொத்திக்கொண்டேன்.
ஒரு பிடி கடலுக்குப் போயிருக்கும்,
போகட்டும்.

எங்கள் சின்னப்பாலத்து மண்ணில்
சிப்பி உண்டு, நண்டுவளை உண்டு.
விதை போட்டால்
விதை ஊறுகாயாகிவிடும்.

அதனால்
உடைந்த மீன்பெட்டி நான்கு, தெர்மாகோல் ஒன்று.
அடியில்
கம்பெனிக்காரன் கழித்துப்போட்ட பாசி.
மழையில் நனையவிட்டு நனையவிட்டு
உப்பு இறங்கிற்றா என்று
நாக்கில் வைத்துப் பார்த்த பாசி.
அதன்மேல் உச்சிப்புளி.
அதன்மேல் அவரை இரண்டு, கத்தரி மூன்று,
ஒற்றைப் பீர்க்கு.

பீர்க்கை இருளாயி வீட்டு ஆடு எடுத்துக்கொண்டது.
தெருவே கேட்கச் சண்டை போட்டேன்.
மறுநாள் ஒரு சட்டி ஆட்டுப்புழுக்கையைக்
கொண்டுவந்து வைத்துவிட்டுப் பேசாமல் போனாள்.
கணக்கு அத்தோடு தீர்ந்தது.

கிழிந்த நண்டுவலையில் அவரை ஏறுகிறது.
சீனிவேல் வந்து பார்த்துவிட்டு
இந்த வருசம் என் வலையில் மாட்டினது இது ஒண்ணுதான்
என்றார்.

வாடைக்கு வடகடல் புரள்கிறது,
தென்கடல் குளமாய்க் கிடக்கிறது.
விரல்களில் துணி சுற்றிக்கொண்டு இறங்குகிறோம்.
பாறையைத் துழாவும்போது
முப்பது எண்ணுவதற்குள் மேலே வந்துவிட வேண்டும்.
நான் எண்ணுவது பூவை.
நேற்று நாற்பத்தொன்று.
இருமிக்கொண்டே தலையைத் தூக்கினால்
அப்படி என்னடி கீழே என்று பாண்டிமீனாள் ஏசுகிறாள்.
அவரைக்காய் என்று சொல்ல
மூச்சு வரவில்லை.

ஒட்டன்சத்திரத்து லாரியில் வந்து
மதியத்தில் கடையில் இறங்கும் கத்தரிக்காய்
என்னைவிட அதிகம் ஊர் பார்த்தது.
முகத்தில் சுருக்கம்.
அதையும் பொறுக்கித்தான் வாங்குகிறேன்,
காரல் கருவாட்டுக்கு
அது போதும் என்று சமாதானம் சொல்லி.

ஆனால் இது
நார் உரிக்க வேண்டியிராது.
நகத்தை வைத்தால் டக்கென்று ஒடியும்.
முண்டு வத்தல் இரண்டு கிள்ளிப்போட்டு
தேங்காய் கொஞ்சம்.
உப்பு வேண்டாம்,
காற்று ஏற்கெனவே போட்டிருக்கும்.
சீனிவேலுக்கு அதைக் குழம்பில் போட வேண்டுமாம்,
நகரை மீனோடு.
மீனைத் தினமும் தின்கிற வாய்
ஒருநாள் சும்மா இருக்கட்டும் என்றேன்.
அபிநயாவுக்கு அவரைக்காயே பிடிக்காதாம்.
நீ இதுவரை தின்றது அவரைக்காயே இல்லை என்றேன்.
அப்ப என்னம்மா அது?
பதில் தெரியவில்லை.

இன்று சாயங்காலம்
துறைமுகத்தில் மூன்றாம் எண் கூண்டு ஏற்றிவிட்டார்கள்.

பெட்டிகளை ஒவ்வொன்றாய் உள்ளே தூக்கினோம்.
கொடி வலையை விடவில்லை,
வலையை அறுத்துச் சேர்த்தே கொண்டுவந்தோம்.
வீட்டில் இப்போது கால் நீட்ட இடமில்லை.
கத்தரிச்செடியின் பக்கத்தில்
முட்டியை மடக்கிக்கொண்டு சீனிவேல் தூங்குகிறார்.
அபிநயாவின் தலைமாட்டில் கொடி.
தகரத்தில் மழை விழுந்து விழுந்து
எதுவும் காதில் ஏறவில்லை.

செல்போன் வெளிச்சத்தில் எண்ணிப் பார்க்கிறேன்.
பிஞ்சு பத்தொன்பது.
பூ எத்தனை உதிர்ந்தது என்று எண்ணவில்லை.
ஒன்று மட்டும்
சுண்டுவிரலைத் தாண்டிவிட்டது.
தடவிப் பார்த்தேன், ரோமம் கூச்சமாய் இருக்கிறது.
விரல் அதன் காம்பிலேயே நிற்கிறது.

எட்டு நாள் என்று சொன்னது நான்தான்.
யாரும் விழித்திருக்கவில்லை.

ஆறு என்று மாற்றிக்கொள்கிறேன்.