சொல்லுக்கு முன் ஈரம்

டிசம்பர், முனிர்கா.
மகிழினியின் வாயைச் சுற்றிச் சிவப்பாய் ஒரு வளையம்,
லிப்ஸ்டிக் திருடிப் பூசி மாட்டிக்கொண்டவள் போல.

கின்னு பழச் சாறு என்றேன் நான்.
புதினாப் பற்பசை என்றார் இவர்.
மாடிவீட்டு சுனிதா
பாதி பிதுக்கிய களிம்பொன்றை நீட்டினாள்.

வேண்டாம், அதில் ஸ்டீராய்டு, என்றார் டாக்டர்.
இன்று அடங்கும், நாளை இரட்டிப்பாகும்.
மஞ்சளாய் நீர் வடிந்து பொருக்குத் தட்டினால், காய்ச்சல் வந்தால், வாங்க.
உதடு வீங்கி மூச்சு இழுத்தால்
என்னைத் தேடாதீங்க,
நேரே சப்தர்ஜங் எமர்ஜென்சி.
அப்புறம், 'உதட்டை நக்கறாளா?'

அன்று பார்த்தேன்.
பால் பூத்தில் ஒரு பாக்கெட் கேட்க
மூன்று முறை நாக்கால் ஈரமாக்கினாள்.
'ஏக்' வந்தது.
'தூத்' வரவில்லை.

வாசலின் தடவிவிட்டேன்.
மறுநாள் பூத்துக்கு நானே போனேன்.
என் உதடும் காய்ந்துதான் இருந்தது.