நிறை

பிள்ளை மூன்று கிலோ இருநூறு.
எல்லோருக்கும் அனுப்பினோம்,
படத்தோடு, பிறந்த நேரத்தோடு.

என்னிலிருந்து போன இரத்தம்
இரண்டு கிலோ நானூறு.
நனைந்த துணிகளை ஒவ்வொன்றாய்த் தராசில் போட்டு
துணியின் நிறையைக் கழித்து
ஒரு தாதி இலக்கம் சொல்ல
இன்னொருத்தி எழுதினாள்.
அதை யாருக்கும் அனுப்பவில்லை.

பதினோராம் நாள்
பெண்டில் ஹில் கடையில் சரக்குத்தூள் வாங்கி
கறி காய்ச்சிக்கொண்டு வந்தார்கள்
நிதர்சனாவும் கஜனியும்.
"சுகப்பிரசவம்தானே?"
வயிற்றை வெட்டாவிட்டால் சுகம்.
ஓம் என்றேன்,
ஒரு பக்கத் தொடையில் மட்டும்
பாரம் வைத்து இருந்தபடி.

இப்போது ஆடிக் குளிர்.
டூங்காபி ஸ்டேஷன் கார் தரிப்பிடம்.
ஹீட்டரைப் போட்டுவிட்டு
தோடம்பழம் உரித்துக்கொண்டே மயூரதி கேட்டாள்,
முப்பத்துநான்கு கிழமை வயிறு
ஸ்டியரிங்கில் முட்ட:
"உண்மையைச் சொல்லு. எப்பிடி இருந்தது?"

கோர்வையாக வரவில்லை.
முதலில் கூரையைச் சொன்னேன்.
நீர் ஒழுகின கறை ஒன்று, கோழி மாதிரி.
பிறகு இடுக்கி.
பிறகு யாரோ ஒரு பொத்தானை அழுத்த
ஒன்பது பேர் ஓடிவந்தது.
ரமணன் பிள்ளையை ஏந்தியபடி
சுவரோடு சுவராக,
தன் சப்பாத்தையே பார்த்துக்கொண்டு.

பிறகு, சொல்வதில்லை என்று வைத்திருந்தது:
நெஞ்சில் கிடத்தியபோது
இது யாருடையது,
கொண்டுபோங்கோ, நான் படுக்கவேணும்
என்று நினைத்தேன்.
அன்பு மூன்றாம் கிழமைதான் வந்தது.
ஒரு பால் ஏப்பத்தோடு,
முன்னறிவித்தல் இல்லாமல்.

அவள் கை வயிற்றில் இருந்தது.
பயப்படுத்திவிட்டேன்.
பேச்சை மாற்ற
அவளுடைய தொட்டிலின் விலையைக் கேட்டேன்.

"ஏனடி அண்டைக்குச் சொல்லேல்ல?
நான் பூப்படம் எல்லே அனுப்பினனான்.
ஆறு பூ."

எனக்குச் சிரிப்பு வந்தது.
பிறகு சிரிப்பு இல்லை அது.

ரயில் ஒன்று நிற்காமல் போனது.
அவள் தரிப்பிடத் துண்டைப் புரட்டி
பேனை தேடினாள்:
"எவ்வளவு போனால் கூட?
ஆரிட்டக் கேக்கவேணும்? ரமணன் அண்ணாவுக்கு
ஆராவது விளங்கப்படுத்தினவையே?"

இரண்டு கிலோ நானூறு என்றேன்.
எழுதினாள்.
தோடம்பழத்தில் பாதியை
என் கையில் வைத்தாள்,
கொட்டை எடுக்காமலே.