இன்னும் பதினைந்து நிமிஷம்

தம்புச் செட்டித் தெருவில் மூன்றாவது மாடி.
துறைமுகத்தில் சிக்கிய கன்டெய்னர்களுக்கு
விடுதலை வாங்கித் தருவது என் வேலை.
டைல்ஸ், பொம்மை, இத்தாலியப் பசை,
ஒருமுறை நாற்பதடி நிறையக் குடைக்கம்பி.
யாரோ ஓர் அதிகாரி
எங்கோ ஒரு பொத்தானை அழுத்தும்வரை
அவை வெயிலில் நிற்கும்.
நானும்.

நாலேகாலுக்கு என் போன் துடிக்கும்:
‘நிதர்சன் கூடுதல் நேரம் கேட்கிறார்.’
கேட்கிறார்.
வீட்டில் யாரும் அவனுக்குத் தராத மரியாதை
அந்த ஒரு ‘ர்’.
பதினைந்து நிமிஷம். அனுமதி, மறுப்பு,
இரண்டே பொத்தான்.
பதினொரு வயசுக்கு
நான்தான் சுங்க இலாகா.

அரைப் பரீட்சையில் கணக்கில் முப்பத்தொன்று.
அவன் அப்பா வைஃபை பெட்டியைப் பிடுங்கி
பீரோவில் வைத்துப் பூட்டினார்,
கல்யாணப் புடவைக்கும் வீட்டுப் பத்திரத்துக்கும் நடுவே.
நாலாம் நாள் அவருக்கே கிரிக்கெட் ஓடவில்லை.
பெட்டி வெளியே வந்தது.
பிறகு ஆபீஸ் ஷாகுல்தான்
இந்தப் பூட்டைப் போட்டுக் கொடுத்தான்.
“நீங்க எங்க இருந்தாலும் சாவி உங்க கையில அக்கா.”

சாவி கையில் இருக்கும் சுகம் ஒரு வாரம்.
பீச் ஸ்டேஷன் மூன்றாம் பிளாட்பாரத்தில் நின்று மறுப்பேன்.
வியாசர்பாடி ஜீவாவுக்கு முன்னால்
சிக்னலுக்கு வண்டி மூச்சடக்கி நிற்கையில் இளகுவேன்.
முன்பின் தெரியாத பெண் என் தோளில் தூங்க,
கட்டைவிரலால்
கொளத்தூரில் ஒரு போரை நிறுத்தியிருக்கிறேன்.
அந்தக் கத்தலைக் கேட்டது நானல்ல,
சுவருக்கு அந்தப்புறம் ஜெபமணி அக்கா.
“கடைசி நாலு பேர்ல இருந்தானாமே,
ஏன்டி கட் பண்ண?”

பள்ளி வேன் வந்துவிட்டது.
கதவைத் திறந்துவிட்டான்.
மாவுப் பாத்திரத்தை மூடாமல் விட்டிருப்பான்.
இத்தனையும் சொல்லும் அந்த ஒரு வரி.
நாளெல்லாம் அவன் எனக்கு அனுப்புவது அவ்வளவுதான்,
அதையும் எழுதுவது மெஷின்.
ஆனாலும் நாலு மணி தாண்டினால்
சரக்குப் பட்டியலை ஓரம் தள்ளி
போனை நிமிர்த்தி வைத்துக்கொள்கிறேன்.

புதன்கிழமை வரவில்லை.
வியாழன், வெள்ளி, வரவில்லை.
“திருந்திட்டான்” என்றார் அவர், அப்பளம் நொறுக்கியபடி.
மூன்று நாள் கேள்வியே கேட்காத பிள்ளை.
எனக்கு வயிற்றில் ஏதோ புரண்டது.

சனிக்கிழமை டாப்லெட்டைத் துடைக்க எடுத்தேன்.
சுவர்க் கடிகாரத்தில் இரவு எட்டு இருபது.
அதில் ஞாயிறு, விடிகாலை நாலு ஐம்பது.
தோண்டிப் பார்த்தேன்.
பசிபிக்கில் ஒரு தீவு, கிரிட்டிமாட்டி,
உலகத்தில் முதலில் தேதி மாறும் இடமாம்.
என் பிள்ளை அங்கே குடியேறி நாலு நாளாகிறது.
இன்றைய அரை மணி தீர்ந்ததும்
நாளைக்குப் போய் அங்கே விளையாடுகிறான்.

இந்த வித்தை எனக்குத் தெரியும்.
சென்னையில் மறித்த சரக்கைக்
கொழும்பு வழியாகத் திருப்புகிறவர்களோடு
பதினாலு வருஷம் குப்பை கொட்டியவள் நான்.
கோபம் வந்தது.
அதற்கு ஒரு நொடி முன்னால் வந்ததை
அவன் அப்பாவிடம் சொல்லவில்லை.

சாப்பிடும்போது கேட்டேன்,
“நாளைக்கு எப்படிடா இருக்கு?”
தட்டில் விரல் நின்றது. காது மட்டும் சிவந்தது.
“தயிர் வேணுமா அவனுக்கு?” என்றார் அவர்.
வெகுநேரம் கழித்து,
சோற்றைப் பார்த்தே சொன்னான்:
“இதே மாதிரிதாம்மா.
மணி மட்டும்தான் வேற.”

ஞாயிறன்று அந்தத் தீவையும் பூட்டினேன்,
ஷாகுலிடம் போனில் கேட்டுக் கேட்டு.

திங்கள், நாலு பதினேழு.
‘நிதர்சன் கூடுதல் நேரம் கேட்கிறார்.’

பார்த்தேன். அழுத்தவில்லை.
எனக்குத் தெரிந்த எல்லா அதிகாரிகளையும் போல
டீயை ஆற்றினேன், ஃபைலைப் புரட்டினேன்.
தருவேன், அதிலொன்றும் இல்லை.
கொஞ்சம் தாமதித்தால்
இன்னொரு தடவை கேட்பான்.